தோற்ற பந்துக்குச் சாமந்தி மாலை

மன்னார்குடியில் கால்பந்து பார்க்கத் தெரிந்த ஒரே மனிதர் டபுள் விசில்தான். மற்ற நாங்கள் எல்லோரும் மைதானத்துக்கு அழப் போனவர்கள். இதை எழுதினால் ஊரில் பாதிப் பேர் என்னோடு பேச்சை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தட்டும். மீதிப் பாதி பேசி மட்டும் என்ன ஆகிவிட்டது?

டபுள் விசிலுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. மன்னார்குடிக்கும் திருவாரூருக்கும் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். ஒரு விசில் ஊதினால் பஸ் நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். எங்கள் மைதானத்தை ஒட்டித்தான் ரோடு. மேட்ச் நடக்கிற நாளில் அங்கே ஒரு விசில் ஊதி நிறுத்துவார். அடுத்த இரட்டை விசில் எப்போது வரும் என்பது கடவுளுக்கே வெளிச்சம். கார்னர் கிக் என்றால் டிரைவரே இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி வெற்றிலை போட ஆரம்பித்துவிடுவார். பெண் பார்க்கக் கிளம்பிய ஒரு குடும்பம் நல்ல நேரமெல்லாம் மைதானத்து ஓரத்திலேயே கழிந்து, சுத்தமான ராகுகாலத்தில் போய் இறங்கியது. கல்யாணம் நடந்து பிள்ளை குட்டிகள் பிறந்தது வேறு விஷயம்.

ஒருமுறை எங்கள் ஆள் காலில் பந்து, எதிரே கோலி இல்லாத வெறும் கோல். அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு விசில். பஸ்ஸை நிறுத்த இவர் ஊதியதுதான். எங்கள் ஆள் ரெஃப்ரி ஊதிவிட்டார் என்று பந்தை அங்கேயே விட்டுவிட்டு மரியாதையாக இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டான். எதிர் டீம்காரன் அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு போய் எங்களுக்குக் கோல் போட்டான். ஊரே திரண்டு டபுள் விசிலை அடிக்க வந்தது. மனுஷன் அசரவில்லை.

"விசில் கேட்டா நிக்கிறவன் பஸ் ஸ்டாண்டுல போய் நிக்கட்டும். கோலுக்கு முன்னால வந்து என்னா நிக்கிறது?"

அடிப்பதைத் தள்ளி வைத்துவிட்டுக் கலைந்துவிட்டோம்.

எங்கள் கிளப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல வாய் கசக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். நாங்கள் ஒரு கோப்பையும் வாங்கியதில்லை. என்றோ ஓர் ஐப்பசி மழையில், தஞ்சாவூரில் நடந்த ஃபைனலில், ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். எங்கள் ஆள் கடைசியாக அடித்த பந்து கோலுக்கு ஒரு முழம் முன்னால் சேற்றில் புதைந்து நின்றுவிட்டதாம். நல்லது, வேறு எந்த ஊராக இருந்தாலும் அந்தப் பந்தைக் கழுவி அடுத்த மேட்ச் ஆடியிருப்பார்கள். நாங்கள் சேற்றோடு கொண்டுவந்து கண்ணாடிப் பெட்டியில் வைத்தோம். சந்தனம், குங்குமம். வருஷா வருஷம் ஐப்பசியில் அதற்குச் சாமந்தி மாலை போட்டுச் சர்க்கரைப் பொங்கல் படைப்போம். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் பதினொரு பேரும் வரிசையாகப் போய் அந்தப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். ஒற்றிக்கொண்டு போய்த் தோற்போம்.

மைதானம் பண்ணையாருடையது. அவர்தான் தலைவர். ஒன்பதாம் நம்பர் சட்டை அவர் வீட்டுப் பிள்ளைக்கு என்பது அவர் அப்பா காலத்து வழக்கம். அப்போது அதை அணிந்தவன், காலமாகிவிட்ட அவருடைய அண்ணனின் மகன் சின்னத்தம்பி. தங்கமான பையன். பந்தைப் பறிக்கும்போதுகூட எதிராளியிடம் மன்னிப்புக் கேட்பான். அதனால் பெரும்பாலும் பறிக்காமலே விட்டுவிடுவான். கோலிக்கு வயதாகிக் குனிய முடியாது. நிறுத்தினால் மனசு உடைந்துபோவார் என்று வைத்திருந்தோம். செயலாளர் என் தாய்மாமா, கணக்கு வாத்தியார். நான் டீமில் இடது பக்க பேக்காக ஆடிய மர்மமும் இத்தோடு விளங்கியிருக்கும்.

இந்தக் கிளப்பில்தான் டபுள் விசில் உறுப்பினர் ஆனார். முதல் ஆண்டுக் கூட்டத்திலேயே எழுந்து, இந்த வருஷம் எப்படி ஜெயிக்கப் போகிறோம் என்று கேட்டார். பொம்பளைகள் இருக்கிற இடத்தில் கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம். பண்ணையார்தான் அன்பாக, வெற்றி தோல்வியில் என்ன இருக்கிறது, நாமெல்லாம் ஒரு குடும்பம் என்று சமாதானம் சொன்னார். குடும்பமென்றால் வீட்டில் இருக்க வேண்டியதுதானே, கோப்பைக்கு எதற்குப் பெயர் கொடுக்கிறீர்கள் என்றார் இவர். அன்றைக்குப் பொங்கலில் முந்திரிப்பருப்பு இவர் இலைக்கு மட்டும் வரவில்லை.

கழக ஆட்சி வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. நில உச்சவரம்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே பெரிய வீடுகளில் சோறு இறங்காது. வளர்க்கிற நாய் பேரில்கூட நிலம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள். பண்ணை வயல்களில் வேலை செய்தவர்களின் தெருவில் செங்கொடி ஏறிவிட்டது. அந்தத் தெருவிலிருந்துதான் டபுள் விசில் கலியபெருமாளைக் கண்டுபிடித்தார்.

கோடையில் உளுந்து எடுத்து முடிந்து வயல் காய்ந்து வெடித்துக் கிடக்கும். அதில் வாலிபர்கள் வெறுங்காலோடு பந்து ஆடுவதைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். ஒரு விசில். பஸ் நடுரோட்டில் நின்றது. இவர் இறங்கி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். இருபத்திரண்டு வயதுக் கலியபெருமாள், தரை வெடிப்பில் எகிறித் திசைமாறும் பந்தையே காலோடு ஒட்டிவைத்துக்கொண்டு ஓடுகிறவன். இவனைச் சமதரையில் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தபோது தனக்கு மயக்கமே வந்துவிட்டதாகப் பின்னால் என்னிடம் சொன்னார். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு வெயிலில் நிஜமாகவே வந்தது.

அவர் நச்சரிப்புத் தாங்காமல் மாமா அவனைச் சேர்த்துக்கொண்டார். சேர்த்துக்கொண்டார் என்றால், பெஞ்சில் உட்கார வைத்தார். அதிலும் அவன் ஓரமாகத்தான் உட்கார்ந்தான். மாதக்கணக்கில் பயிற்சிக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் கடைசியாகப் போவான். வயல் வேலை முடித்து ஓடிவருகிறவன், சேறு கழுவிய ஈரம்கூடக் காலில் காய்ந்திருக்காது.

எங்கள் மைதானத்திலேயே தை மாதக் கோப்பைப் போட்டி வந்தது. செமி ஃபைனலுக்கு முதல் நாள் சின்னத்தம்பிக்கு அம்மை போட்டுவிட்டது. வேறு வழியில்லாமல் ஒன்பதாம் நம்பர் சட்டை கலியபெருமாளுக்குப் போனது. நாகப்பட்டினத்துக்காரர்களுக்கு எதிராக இரண்டு கோல் போட்டான். நாங்கள் ஜெயித்துவிட்டோம்! ஜெயித்தால் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் ஒரு பெரியவர் வந்து என் முதுகைத் தட்டி, பரவாயில்லை தம்பி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றார். டபுள் விசிலின் பஸ் அன்று வழியில் கூத்தாநல்லூரில் நிற்காமலே போய்விட்டதாக முதலாளிக்குப் புகார் போனது.

ஃபைனல் காரைக்கால்காரர்களோடு. நடுவில் ஒரு வாரம். அந்த வாரத்தில்தான் பண்ணை வயலில் சம்பா அறுவடை நின்றது. கூலியாக அளக்கிற நெல்லைக் கொஞ்சம் கூட்டி அளந்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று ஆட்கள் வரப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் கொடியைப் பிடித்துக்கொண்டு கலியபெருமாள். கதிர் முற்றிச் சாய்ந்துகொண்டிருந்தது, போலீஸ் வேன் வந்து நின்றது. ஊர் முழுக்க அதே பேச்சு.

ஃபைனலுக்கு முந்தின நாள் மத்தியானம் கிளப்பில் கமிட்டி கூடியது. பண்ணையார் வந்தார். கோபமாக வருவார் என்று எதிர்பார்த்தோம். கண் கலங்கி வந்தார். வேலைநிறுத்தத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

"அந்தப் பையனை நான் ஒண்ணும் சொல்லலை. நல்லாத்தான் ஆடறான். ஆனா சின்னத்தம்பி தலைக்குத் தண்ணி ஊத்தி எழுந்து உக்காந்திருக்கான். தகப்பன் இல்லாத புள்ளை. சட்டை இல்லேன்னு சொன்னா அவன் மனசு என்ன பாடுபடும்?"

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோலி வாய்விட்டே அழுதார். தீர்மானம் எழுதவே இல்லை, அழுகையிலேயே நிறைவேறிவிட்டது. நானும் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன். அப்படிப்பட்ட வியாதி அது.

டபுள் விசில் மட்டும்தான் எழுந்தார். அன்றைக்கு அவர் கத்தவில்லை.

"அழுதுகிட்டே ஒருத்தனை வெளிய தள்ளுறீங்க. அடிச்சுத் தள்ளியிருந்தாகூட அவன் திருப்பிக் கேட்டிருப்பான். இதுக்கு அவன் என்னத்தக் கேப்பான்?"

கலியபெருமாள் வாசலில்தான் நின்றிருந்தான். அவனை யாரும் உள்ளே கூப்பிட்டிருக்கவில்லை. வந்து, நாலாக மடித்து வைத்திருந்த சட்டையை மாமா கையில் கொடுத்தான்.

"தொவச்சதுதாங்க," என்றான். போய்விட்டான்.

ஃபைனலில் தோற்றோம். எப்படி என்றும் கேட்பீர்கள். கடைசி நிமிஷங்களில் வெறும் கோலுக்கு முன்னால் சின்னத்தம்பியிடம் பந்து வந்தது. அம்மை இறங்கி எழுந்த உடம்பு, மூச்சு வாங்கிக் கீழே உட்கார்ந்துவிட்டான். கூட்டம் மொத்தமும் "ஐயோ பாவம்" என்றது. ஒருத்தராவது அட முட்டாள்களா என்று எங்களைத் திட்டியிருக்கக் கூடாதா? ஒருத்தர் திட்டினார், ரோட்டிலிருந்து.

பரிசளிப்பில் கழகத்து வட்டச் செயலாளர் மைக்கைப் பிடித்தார். கறுப்பு சிவப்பு வேட்டிக்கரை, தோளில் துண்டு. "கோப்பை காரைக்காலுக்கு! கோடான கோடி இதயம் மன்னைக்கு! பந்து அவர்கள் பக்கம், பாசம் நம் பக்கம்!" கைதட்டல் அடங்கவே இல்லை. அந்தச் சூட்டோடு மாமா, இந்த ஃபைனலில் ஆடிய பந்தையும் பெட்டியில் வைக்கலாம் என்று யோசனை சொன்னார். கூட்டத்தின் பின்னாலிருந்து டபுள் விசில், ஆசாரிக்கு இரண்டு பெட்டியாகவே சொல்லிவிடுங்கள், அடுத்த வருஷத்துக்கும் ஆயிற்று என்றார். அதோடு அவரைக் கிளப்பை விட்டு நீக்கினோம். காரணம், உறுப்பினர்களின் மனம் புண்படப் பேசினார். மனம் என்ற அந்த ஒன்றைத்தான் நாங்கள் உருப்படியாகப் பயிற்சி கொடுத்து வைத்திருந்தோம்.

செமி ஃபைனலைப் பார்த்துவிட்டுப் போயிருந்த காரைக்கால்காரர்கள் அந்த மாதமே வந்து கலியபெருமாளைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். துறைமுகப் பக்கம் வேலையும் போட்டுக் கொடுத்தார்களாம். நீக்கப்பட்ட டபுள் விசிலோ, வழக்கம்போல் ரோட்டில் பஸ்ஸை நிறுத்தி, வேலிக்கு வெளியே நின்று எங்களைத் திட்டிக்கொண்டிருந்தார். முன்பைவிடச் சத்தமாக.

மறுவருஷம் தையில் காரைக்கால் டீம் வந்தது. ஒன்பதாம் நம்பர் சட்டையில் கலியபெருமாள். இந்தத் தடவை காலில் பூட்ஸ். எங்களுக்கு மூன்று கோல் போட்டான். அதில் இரண்டு என்னைத் தாண்டித்தான் போனது, தாண்டும்போது காற்று மட்டும்தான் மேலே பட்டது. நான் வேலிப் பக்கம் பார்த்தேன். சொன்னேனே பார்த்தீர்களா என்று குதிப்பார், காறித் துப்புவார் என்று நினைத்தேன். டபுள் விசில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றிருந்தார். ஆட்டம் முழுக்க ஒரு வார்த்தை இல்லை.

எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? பண்ணையார் ஓடிவந்து கலியபெருமாளைக் கட்டிக்கொண்டார். மைக்கில், கோல் போட்டவன் யார், நம் மண்ணின் பிள்ளை, அப்படியென்றால் ஜெயித்தது யார், நாம்தான் என்றார். ஊரே ஆனந்தக் கண்ணீர் விட்டது. மாமா மாலை போட்டார். போன வருஷம் அவன் சட்டையை வாங்கிக்கொண்ட அதே கைகள். எனக்கு அங்கேயே மண்ணை வாரித் தூற்ற வேண்டும்போல இருந்தது.

கலியபெருமாள் மாலையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நேராக ரோட்டுக்கு நடந்தான். நானும் பின்னாலேயே போனேன். பஸ் நிறைய ஆள். டபுள் விசில் படியில் ஒரு காலை வைத்து நின்றிருந்தார்.

"என்னண்ணே, இன்னிக்குச் சத்தமே காணும்?" என்றான் கலியபெருமாள்.

"எதிர் டீமை நான் திட்டறதில்ல தம்பி." அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நம்ம பயலுவள மட்டுந்தான் திட்டுவேன். இன்னிக்கு யாரைத் திட்டறதுன்னு தெரியல."

கலியபெருமாள் இன்னும் ஓர் அடி கிட்டே வந்தான். பிறகு குரல் இறங்கி, "அப்ப என்னையும் சேத்துத் திட்டுங்கண்ணே," என்றான்.

டபுள் விசில் தோல்பையைச் சரிசெய்துகொண்டார். அப்புறம் ஆரம்பித்தார். வலது பக்கம் அத்தனை இடம் காலியாகக் கிடந்ததே, கண்ணை எங்கேடா வைத்திருந்தாய்? முதல் பாதியில் ஒரு பந்தை வானத்துக்கு அடித்தாயே, அங்கே எவன் நின்றான் உனக்கு? பூட்ஸைப் போட்டுக்கொண்டு மாடு மாதிரி ஓடுகிறாய், கழற்றி எறிடா! கன்னத்தில் தண்ணீர் வழிய வழிய, நிறுத்தாமல் திட்டினார். கலியபெருமாள் கையைக் கட்டிக்கொண்டு, சரிங்கண்ணே, சரிங்கண்ணே என்று கேட்டுக்கொண்டிருந்தான். பஸ்ஸில் ஒருவர்கூட நேரமாகிறது என்று சொல்லவில்லை.

நான் பக்கத்திலேயே நின்றேன். எனக்கும் ரெண்டு திட்டு விழாதா என்று ஏக்கமாக இருந்தது.