வலது இடுப்புத் தாய்

மருங்குநாட்டில் எல்லாம் இருந்தது. நாட்டுக்கென்று ஒரு தாய் மட்டும் இல்லை. பக்கத்து நாட்டுத் தாய் படத்தில் ஜம்மென்று புலிமேல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்த அரசருக்குச் சோறு இறங்கவில்லை. உடனே அரண்மனை ஓவியரை ஊருக்குள் அனுப்பினார். கிணற்றடியில் குடத்தோடு நின்ற இருளாயியை வரைந்துகொண்டு போனார் ஓவியர்.

அன்றைக்கு இருளாயியின் இடது இடுப்பில் ஒரு கட்டி. அதனால் குடம் வலது இடுப்பில் இருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

படம் நாடெங்கும் மாட்டப்பட்டது. தாய்க்கு வயது மூவாயிரம் என்று அறிஞர் குழு அறிவித்தது. வலது இடுப்பு வீரத்தின் அடையாளமாம். இனிப் பெண்கள் வலது இடுப்பில்தான் குடம் சுமக்க வேண்டும் என்று ஆணை வந்தது. பழகாத இடுப்பில் பாதித் தண்ணீர் வழியிலேயே கொட்டியது. கொட்டியதைத் தாய்க்குச் செய்த அபிஷேகமாகக் கருதும்படி அடுத்த ஆணை வந்தது. எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? தாயின் குடம் மண்குடமல்ல, வெண்கலம் என்று கொதித்தெழுந்தது. அதையும் ஏற்று, ஊரிலிருந்த மண்குடங்களை எல்லாம் உடைத்தார்கள்.

இருளாயிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கட்டி ஆறிவிட்டது. வீட்டில் காய்ச்சலில் கிடந்த மகள் தண்ணீர் கேட்டாள். இரவல் வாங்கிய வெண்கலக் குடத்தை நிரப்பி, வழக்கம்போல இடது இடுப்பில் வைத்தாள். காவலர்கள் அவளைக் குடத்தோடு அரசவைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"தாயை அவமதித்தாயா?" என்று முழங்கினார் பண்பாட்டு அமைச்சர்.

"சாமி, அந்தப் படத்துல இருக்கறதே நாந்தான். அன்னிக்கு இடுப்புல கட்டி."

"தாய்க்குக் கட்டியா!" அமைச்சர் காதைப் பொத்திக்கொண்டார். "தாய்க்கு வயது மூவாயிரம். உனக்கு?"

"நாப்பது இருக்கும் சாமி."

"கணக்கு இடிக்கிறதே."

இடிக்கத்தான் செய்தது. இருளாயி சுவரைப் பார்த்தாள். படத்திலிருந்தவள் நல்ல சிவப்பு. கன்னம் உப்பியிருந்தது, கழுத்து நிறைய நகை. இது நாம்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"தாயின் காலில் விழுந்து மன்னிப்புக் கேள். விட்டுவிடுகிறோம்."

மகளுக்கு நாக்கு வறண்டிருக்குமே என்ற பதைப்பில் விழுந்தாள். "தாயே, தெரியாமப் பண்ணிட்டேன்" என்று நிஜமாகவே அழுதாள். சபை மெய்சிலிர்த்தது. குடத்தைத் தண்ணீரோடு படத்தின் காலடியில் காணிக்கையாக வைத்துக்கொண்டு அவளை அனுப்பினார்கள்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டு மகள் கண்ணைத் திறந்தாள். "அம்மா, தண்ணி எங்கே?"

இருளாயி தன் இரண்டு இடுப்பையும் தடவிப் பார்த்தாள்.

"தாய்கிட்ட இருக்குடி" என்றாள்.