தளும்பி கொடுத்த நற்சான்று

களக் என்று ஒரு சத்தம் கேட்டது. ஒருக்களித்துப் பிடித்த குடத்திலிருந்து தண்ணீர் சரியும்போது வருமே, அதே சத்தம். குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாக்கும் என்று சலவைக்கடை அக்கா இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினாள். குழாய் காய்ந்து கிடந்தது. மறுபடியும் களக். இந்தத் தடவை வாசல் பக்கமிருந்து. அப்புறம் விட்டு விட்டு, இங்கேயும் அங்கேயுமாக, களக், களக்.

வாசலுக்கு வந்து பார்த்தால் தெருவை அடைத்துக்கொண்டு ஜனம். ஆளுக்கொரு கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எதிரே நிற்கும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்குமுன் அந்தத் தொட்டியை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் நீர் வழங்கல் துறையும் பார்த்ததில்லை.

விஷயத்தை விளக்கியவன் அவள் கொழுந்தன். தேய்த்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சார்ஜர் இருக்கிறதா என்று கேட்பான். அதனால் அவன் பெயரே சார்ஜர் என்றாகிவிட்டது. விநோத ஜந்துக்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கிற விளையாட்டு ஒன்று கைபேசியில் வந்திருக்கிறதாம். ஜந்து நிஜத்தில் இருக்காது. ஆனால் இன்ன இடத்தில்தான் இருக்கும். அந்த இடத்துக்கு நேரில் போய்த்தான் பிடிக்க வேண்டும். இன்று காலை முதல், தளும்பி என்கிற அபூர்வ நீர்ஜந்து நம் தொட்டியில் குடியேறியிருக்கிறது.

கைபேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். நீல நிறம், உருண்டைத் தொப்பை, தலைப்பிரட்டைக்கு இருப்பதுபோல் ஒரு வால். உச்சந்தலையில் ஒரு நீர்க்குமிழி விழாமல் தளும்பிக்கொண்டே இருந்தது. யாராவது பிடித்தால் களக் என்று சொல்லும். அதற்குமேல் எதுவும் பேசாது. அந்த ஒரு விஷயத்தில் அது பொதுவாழ்வில் இருக்கும் பலரைவிட மேல்.

அக்காவுக்கு அதை ரசிக்கிற மனநிலை இல்லை. கொஞ்ச காலமாகவே குழாயில் டிகாஷன் நிறத்தில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவள் கடைக்குச் சோறு போடுவது எதிர்த்தெரு ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளும் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளும்தான். மற்றதெல்லாம் உதிரிச் சட்டைகள். எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போட்டாலும், எவ்வளவு நீலம் விட்டாலும், விரிப்புகள் பழைய பல்லின் நிறத்தில்தான் எழுந்து வந்தன. தலைமை நர்ஸ் நல்ல மனுஷி. கோபித்துக்கொள்ளவில்லை. மாதக் கடைசி வரை பார்க்கிறேன், அதற்குள் வெள்ளை வெள்ளையாக வராவிட்டால் வேலை ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய கம்பெனிக்குப் போய்விடும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அக்கா துறை அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் பொறியாளர் மனமிரங்கி, தொட்டியைக் காலிசெய்து தேய்த்துக் கழுவ உத்தரவிட்டார். வருகிற திங்கட்கிழமை வேலை. தளும்பி வந்து சேர்ந்ததோ அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை.

திங்கட்கிழமை ஆட்கள் பிரஷ்ஷும் கயிறுமாக வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே பொறியாளரும் வந்தார். வந்தவர் ஏணியில் கால் வைத்த ஆளைக் கீழே இறங்கச் சொன்னார். அக்கா சாலையைக் கடந்து ஓடிவந்து என்ன ஏது என்று கேட்டாள்.

"தொட்டியக் காலி பண்ணிட்டா அது எங்கம்மா போகும்?"

"எது சார்?"

"அந்த ஜீவன்."

"அது ஃபோன்ல இருக்கு சார்."

"ஃபோன்ல இருக்கலாம். காட்டுற இடம் எங்க வளாகம். எங்க வளாகத்துல இருக்கறத முன்னறிவிப்பு இல்லாம காலி பண்ணச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது."

அப்படியானால் முன்னறிவிப்பு கொடுங்கள் என்றாள். கொடுக்கலாம், பெற்றுக்கொண்டதற்கு அது கையெழுத்துப் போட வேண்டுமே என்றார். யாராவது பிடித்துக்கொண்டு போனால் தீர்ந்துபோகுமே என்று அவள் கேட்டதற்கு, சார்ஜர் இடையில் புகுந்து, எத்தனை பேர் பிடித்தாலும் அது தீராது அண்ணி, அவரவர் கைபேசிக்கு ஒன்று வரும், தொட்டியில் ஒன்று இருந்துகொண்டே இருக்கும் என்றான். பொறியாளர் கண்ணில் ஒரு பளபளப்பு தெரிந்தது. துறை தொடங்கிய நாளிலிருந்து, கேட்டவர்களுக்கெல்லாம் தட்டுப்பாடில்லாமல் அது வழங்கிய முதல் பொருள் இதுதான்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கூட்டத்தில் இருந்த யாரோ, தளும்பியின் படத்தைத் தட்டினால் அதன் குணாதிசயங்கள் வரும் என்று பொறியாளருக்குக் காட்டிக்கொடுத்தார்கள். அதில் முதல் வரியே, 'தூய நீரில் மட்டுமே வாழும்' என்று இருந்தது. பொறியாளர் அந்த வரியை மூன்று தடவை படித்தார். மறுநாள் தொட்டியின் தூணில் ஒரு அறிவிப்பு ஒட்டப்பட்டது.

'மேற்படி உயிரினம் மேற்படி தொட்டியில் வாழ்ந்துவருவது பொதுமக்களால் திரளாகவும் ஐயந்திரிபறவும் கண்டறியப்பட்டுள்ளது. மேற்படி உயிரினம் தூய நீரில் மட்டுமே வாழும் தன்மையது. ஆகவே மேற்படி நீர் தூயது. ஆகவே தூய்மைப் பணி தேவையற்றது. ஆகவே இது தொடர்பான புகார்கள் அனைத்தும் மனநிறைவுடன் முடித்துவைக்கப்படுகின்றன.'

யாருடைய மனம் நிறைந்தது என்பது குறிப்பிடப்படவில்லை.

தண்ணீரைப் பரிசோதிக்கத் துறையில் ஒருவர் இருந்தார். கண்ணாடிக் குப்பிகளும் பஞ்சுமாக ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருப்பார். அவரைவிடத் துல்லியமான கருவி கிடைத்துவிட்டதால் அறையைப் பூட்டி, தலையில் நீலக் குமிழி வைத்த தொப்பி ஒன்றைக் கொடுத்து, தொட்டியடியில் வரிசையை ஒழுங்குபடுத்த அனுப்பிவிட்டார்கள். அவருக்கு வருத்தமில்லை. குப்பிகள் அவரிடம் ஒருநாளும் வழி கேட்டதில்லை. இந்தத் தண்ணீரை நீங்கள் குடிப்பீர்களா என்று அக்கா கேட்டபோது மட்டும், தொப்பியைச் சரிசெய்துகொண்டே, "நாங்க வீட்ல கேன் போடறோம்மா" என்றார்.

இதற்கிடையில் ஊரில் ஒரு புது மோஸ்தர் கிளம்பியது. தளும்பி வாழும் நீரில் தோய்ந்த துணி என்று சொல்லி, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கடையில் மங்கலான மஞ்சள் சட்டைகளைத் தொங்கவிட்டார்கள். இளவட்டங்கள் முட்டிமோதி வாங்கினார்கள். பொறியாளரே ஒன்று போட்டுக்கொண்டு வந்தார். அக்கா உற்றுப் பார்த்தாள். அதே கறை. அங்கே குளிர்சாதனத்தில் மாட்டியிருந்தால் நாகரிகம், இவள் கொடியில் காய்ந்தால் கூலி கிடைக்காத வேலை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் இந்த நாகரிகம் இன்னும் எட்டவில்லை. நோயாளிகளின் சொந்தக்காரர்கள் விரிப்பைப் பார்த்து முகம் சுளிப்பதாகத் தலைமை நர்ஸ் சொல்லியனுப்பினாள்.

அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். குழாயில் வந்த தண்ணீரை ஒரு வெள்ளை வாளியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு நேரே பொறியாளர் அறைக்குப் போய் மேஜைமேல் வைத்தாள். நீங்களே பாருங்கள் என்றாள். அவர் பார்த்தார், கைபேசி வழியாக. வாளியைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்தும் நிமிர்ந்தும் பார்த்தார்.

"இதுல அது இல்லையேம்மா."

"வாளியில எப்படி சார் இருக்கும்?"

"தொட்டியில இருக்கு. வாளியில இல்ல. அப்போ தண்ணி எங்கேர்ந்து கெட்டுப்போச்சு? உங்க கைக்கு வந்த பெறகுதான?"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அந்த வாரமே, துறை வழங்கிய தூய நீரை அசுத்தப்படுத்தியது குறித்து ஏன் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு அவளுக்கு ஓலை வந்தது. சார்ஜர் அதைப் படித்துக் காட்டிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணி, பேசாம அதுல ஒண்ணப் பிடிச்சு வாளியில விட முடியுமான்னு பாக்கறேன்" என்றான். அவள் ஈரத்துணியை எடுத்து அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

மாதக் கடைசி நெருங்கியது. பெரிய கம்பெனியின் வண்டி ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று அளவெடுத்துப் போனது. கடையை மூடிவிட்டு அந்தக் கம்பெனியிலேயே வேலைக்குச் சேரலாமா என்றுகூட அக்கா யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் அது நடந்தது. எங்கோ ஒரு தேசத்தில் உட்கார்ந்து அந்த விளையாட்டைத் தயாரிப்பவர்கள், ஜனங்களுக்கு அலுப்புத் தட்டிவிடக் கூடாதே என்று தளும்பியை வளரவிட்டார்கள். வளர்ந்த தளும்பிக்குச் சகதியன் என்று பெயர். நீலம் போய்ச் சேற்று நிறம் வந்தது. தாடிபோல் பாசி தொங்கியது. தலைக் குமிழி உடைந்து மூக்கில் வழிந்தது. படத்தைத் தட்டினால் வந்த முதல் வரி, 'கலங்கிய நீரில் மட்டுமே வாழும்.'

பொறியாளருக்குக் காலையிலேயே செய்தி எட்டியது. வாளியில் தண்ணீரைக் கொண்டுவந்து காட்டியபோது கலங்காத மனிதர் அன்று கலங்கிப்போனார். மதியத்துக்குள் ஆட்கள் ஏறிவிட்டார்கள். முன்னறிவிப்பு, கையெழுத்து என்கிற பேச்சே எழவில்லை. மேலே இருந்து இடுப்பளவு வண்டல் இறங்கியது. ஒற்றைச் செருப்பு இறங்கியது. ஒரு தலையணை எப்படி அங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. ஏதோ ஒரு காலத்தில் அங்கே யாரோ பணி நேரத்தில் இருந்திருக்கிறார்கள் என்பது மட்டும் உறுதியாயிற்று. சுவரைச் சுரண்டிக் கழுவி, புதுத் தண்ணீர் ஏற்றினார்கள்.

அன்று சாயங்காலம் அக்காவின் குழாயில் விழுந்த தண்ணீரில் வாளியின் அடியில் இருந்த கீறல் தெரிந்தது. அவள் கடையில் இருந்த விரிப்புகளையெல்லாம் அண்டாவில் போட்டு ஊறவைத்து அலசினாள். காலை வெயிலில் கொடியில் அவை பறந்தபோது கண் கூசியது. சார்ஜர்கூட கைபேசியை இறக்கிவிட்டு ஒரு நிமிஷம் பார்த்தான்.

ஆனால் தொட்டியில் சகதியன் அப்படியேதான் இருந்தது. தண்ணீர் மாறியது அதற்கு எப்படித் தெரியும். தொட்டியை எத்தனை தடவை கழுவினாலும் அது மூக்கு ஒழுக நின்றுகொண்டிருந்தது. பொறியாளர் மேலே கீழே யோசித்துப் பார்த்துவிட்டு, தன் பழைய தர்க்கத்தைக் கைவிட்டால் பழைய அறிவிப்பையும் கைவிட வேண்டிவரும் என்பதால், புது அறிவிப்பு ஒட்டினார். மேற்படி நீர் கலங்கியது. மறு உத்தரவு வரும்வரை பொதுமக்கள் பயன்படுத்த வேண்டாம். அவசரத் தேவைக்கு லாரி வரும்.

லாரி வந்தது. தொட்டியின் பின்பக்க வால்விலிருந்துதான் நிரப்பினார்கள். வேறு தண்ணீருக்கு எங்கே போவது. தொப்பிக்காரர்தான் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதை எல்லாரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, கைபேசியை லாரியின் பக்கம் திருப்பினார்கள். லாரியில் எந்த ஜந்தும் இல்லை. நிம்மதியாகக் குடங்களை நீட்டினார்கள். அவரவர் வீட்டுக் குழாயைத் துணியால் கட்டிவைத்தார்கள்.

தலைமை நர்ஸ் மாதக் கடைசியன்று வந்தாள். விரிப்பை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். கையால் தடவினாள்.

"வெள்ளையாத்தான் இருக்கு. நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

"அப்போ எடுத்துக்குங்க சிஸ்டர்."

"வார்டு ஜன்னல்ல பாத்தா தொட்டி தெரியுதும்மா. படுத்திருக்கறவங்க பாதிப் பேர் அந்த விளையாட்டுதான் ஆடறாங்க. இது எந்தத் தண்ணில தொவச்சதுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"கண்ணால பாக்கச் சொல்லுங்க."

நர்ஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை, அலுப்புதான் இருந்தது. கம்பெனிக்காரர்களை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், வேலை உனக்குத்தான், லாரித் தண்ணீரில் இன்னொரு தடவை போட்டு எடுத்துக் கொடுத்துவிடு, அது போதும் என்றாள். போகும்போது அக்காவின் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

வேலை தப்பியது. அக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. சிரிப்பதையே தேர்ந்தெடுத்தாள். சார்ஜரிடம் பொறியாளரைப் பற்றிச் சொன்னாள், நர்ஸைப் பற்றிச் சொன்னாள், குழாய்க்குக் கட்டுப்போட்ட பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொன்னாள். ஊரில் ஒருத்தருக்குக்கூடவா மூளை இல்லை என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததில் தொண்டை வறண்டுவிட்டது. பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்தாள். பளிங்கு மாதிரி இருந்தது. டம்ளருக்குப் பின்னால் இருந்த அவள் விரல் ரேகைகூடத் தெரிந்தது.

வாய் அருகே கொண்டுபோனவள் நிறுத்தினாள்.

"தம்பி, அந்த ஃபோனக் கொஞ்சம் குடேன்."

அவன் கொடுத்தான். அவள் வாசலுக்குப் போய்த் தொட்டியை நோக்கி அதைத் தூக்கிப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திரும்பி வந்து கைபேசியை அவனிடம் கொடுத்தாள். டம்ளரில் இருந்ததை முற்றத்தில் ஊற்றிவிட்டு, லாரி எத்தனை மணிக்கு என்று விசாரித்து வரச் சொல்லி அவனை அனுப்பினாள்.

பிறகு கொடியில் இருந்த விரிப்புகளை ஒவ்வொன்றாக உருவி, அண்டாவுக்குள் போட்டு அமுக்க ஆரம்பித்தாள்.