கந்தூரிக்கென்று போய் எட்டாம் கட்டை கேட்ட விபரம்

கல்முனைக்குடி,
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

என் மதிப்புக்கும் பிரியத்துக்குமுரிய மச்சான் ஜவுபர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வல்ல அல்லாஹ்வின் கிருபையால் இங்கு நானும், உங்கள் தங்கச்சி சல்மாவும், மாசமாக இருக்கும் மகள் அஸ்பியாவும் சுகமே இருக்கிறோம். அங்கு டோஹாவில் நீங்களும், உங்களோடு வேலை செய்யும் என் மகன் மிஹ்லாரும் அதைவிடச் சுகமாக இருக்கத் துஆச் செய்கிறேன். என் முழங்கால் வலி மட்டாக இருக்கிறது. கொழுப்பு மட்டும் போன சனிக்கிழமைக்குப் பிறகு கொஞ்சம் கூடியிருக்கும் என்று சந்தேகம். அதன் காரணம் கீழே வரும்.

போனில் கதைக்காமல் இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். நான் போனில் கதைத்தால் உங்கள் தங்கச்சி ஸ்பீக்கரில் போடச் சொல்லுவாள். வாட்ஸ்அப்பில் எழுதலாமென்றால், என் போனைத் திறக்கிற இலக்கம் மறந்து போகும்போதெல்லாம் நான் அவளிடம்தான் கேட்கிறேன். ஆகவே வெள்ளிக்கிழமை டோஹாவுக்குப் பறக்கிற நம் ஷிப்லியின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், வாசித்ததும் கிழித்துவிடுங்கள். விசயம் இதுதான் மச்சான். கலியாணம் முடித்து முப்பத்தாறு வருஷத்தில் முதன்முதலாகச் சல்மாவிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். அது பொய்தான் என்பதற்கு இப்போது ஒரு வீடியோ வேறு ஊரெல்லாம் சுற்றுகிறது. அவள் அதைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் எனக்காக ஒரு பொய் சொல்ல வேண்டும். காக்கா நீங்கள் சொன்னால் அவள் மறுபேச்சுப் பேச மாட்டாள், நான் சொன்னால் பேசுவாள்.

முதலில் என் பலவீனத்தை ஒப்புக்கொள்கிறேன். பதினொரு வருஷத்துக்கு முன் மிஹ்லார் உங்களிடம் வரும்போது தன் பழைய போனை எனக்குத் தந்துவிட்டு வந்தான். அதில் ஒரு பாட்டுக் கிடந்தது. நான் வேலை செய்த கந்தோருக்குப் போகிற பஸ்ஸில் இயர்போனைக் காதில் செருகி அதைத் தொடக்கினேன். கல்முனையில் தொடங்கிய பாட்டு காரைதீவு தாண்டி, நிந்தவூர் தாண்டி, ஒலுவிலும் தாண்டி முடியவில்லை. போன் பழுது என்று நினைத்து அணைத்தேன். பிறகு மிஹ்லாரிடம் கேட்டபோதுதான் அந்த மியூசிக் பாண்டின் வேலையே அதுதான் என்று சொன்னான். பெயர் நெடுங்கயிறு, நாலு பேர், கொழும்பில் இருக்கிறார்கள். ஒரு மெட்டைத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு எழுதி வைத்தது எதுவும் இல்லை. ஒருவருக்கொருவர் காது கொடுத்து, ஒருவர் இழுக்கிற பக்கம் மற்றவர் போய், அரை மணித்தியாலம் அலைந்து திரிந்து, கடைசியில் ஒருவரும் சொல்லாமலே நாலு பேரும் ஒரே நேரத்தில் தொடங்கிய மெட்டுக்கு வந்து சேருவார்கள். முப்பது வருஷம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்தவன் நான். மதகைத் திறந்துவிட்டு, தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாகச் சுற்றிக் கடைசி வயலுக்குப் போய்ச் சேரும் வரை வரம்பில் நின்று பார்ப்பதுதான் என் தொழில். அந்தப் பாட்டு எனக்கு உடனே விளங்கிவிட்டது. ‘எட்டாம் கட்டை’ என்கிற அந்த ஒரு பாட்டை அவர்கள் வேறு வேறு ஊர்களில் வாசித்த இருபத்துமூன்று பதிவுகள் என் போனில் இருக்கின்றன, ஒன்றைப் போல மற்றது இல்லை. இத்தனையும் இயர்போனில்தான், வீட்டில் ஒரு பூனைக்குட்டிக்கும் தெரியாது. எப்படித் தெரிய விடுவது? நான் பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு நம்பிக்கையாளர். கலியாண வீடுகளில் சவுண்ட் பொக்ஸ் கட்டக்கூடாது என்று போன வருஷம் பள்ளியிலிருந்து போன கடிதத்தில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

இப்படியிருக்க, அந்த நாலு பேரும் சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அறுகம்பையில் ஒரு ஹோட்டலின் கடற்கரையில் வாசிக்கப் போகிறார்கள் என்று போனில் கண்டேன். மச்சான், அதை மூன்று தரம் வாசித்தேன். இவர்கள் நம் கரைப்பக்கம் இதுவரை வந்ததில்லை. எனக்கு அறுபத்துநாலு வயது. ஒரு தரமாவது நேரில் கேட்காமல் கண்ணை மூடுவதா என்று மனம் அடித்துக்கொண்டது. துணிந்து சல்மாவிடம் போய்ப் பொத்துவிலுக்குப் போகவேண்டும் என்றேன்.

“பொத்துவிலுக்கு என்னத்துக்கு?” என்றாள்.

“மசூர்ட ஊட்டுப் பக்கம் கந்தூரி. வரச் சொல்லி ஒரே கரைச்சல்” என்றேன். அதுதான் வாயில் வந்தது. மையத்து வீடு என்று சொல்லியிருந்தால் ஒரு கேள்வியும் வந்திராது. ஆனால் பொத்துவில் கூட்டாளி மசூரைச் சாகடிக்க எனக்கு மனம் வரவில்லை, நல்ல மனிசன். சல்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போனாள். மூடி போட்ட பெரிய அலுமினிய வாளியோடு திரும்பி வந்தாள்.

“கந்தூரியெண்டா ஓதிப் பங்கு வைக்கிற நார்சாச் சோறு கொண்டு வாங்க. மாசமா இரிக்கிற புள்ளைக்கு நல்லம். பக்கத்து ஊட்டு ஆயிஷா உம்மாவுக்கும் ஒரு கோப்பை குடுக்கணும்.”

பாட்டுக் கேட்கப் போகிறவன் கையில் வாளி! ஒழுங்கையால் தெருவுக்கு நடந்தபோது நாலு பேர் “கந்தூரியா?” என்று கேட்டார்கள், நாலு பேருக்கும் “ஓம்” என்றேன். பஸ்ஸில் கொண்டக்டர் அதற்குள் மீன் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். இதோடு விட்டதா? அக்கரைப்பற்றில் ஏறினார் ஆலையடிவேம்புத் தங்கராசா. என்னோடு இருபது வருஷம் வாய்க்கால் வேலை செய்தவர், உங்களுக்கும் தெரியும், நான் மேட்டில் நின்று கை தூக்கினால் மதகைத் திறக்கிறவர் அவர். கோமாரிக்கு மாடு பார்க்கப் போகிற மனிசன் என் மடியைப் பார்த்தார்.

“காக்கா, வாளியோட எங்க பயணம்?”

“பொத்துவில்ல கந்தூரி.”

“அப்ப நானும் வாறன். கந்தூரிச் சோறு திண்டு எவ்வளவு காலம்! மாடு எங்கயும் போகாது.”

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. கந்தூரிக்கு வருகிறவரை வராதே என்று சொன்ன முஸ்லிம் என்ற பெயர் நமக்கு எதற்கு? பொத்துவிலில் இறங்கி நான் அஸர் தொழுதுவிட்டு வரும்வரை பள்ளிக்கு வெளியே வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஆட்டோவில் ஏற்றி அறுகம்பைக்குக் கொண்டு போனேன். ஹோட்டல் வாசலில் நின்ற பிள்ளை, சட்டையில் விதுஷா என்று பெயர் குத்தியிருந்தது, எங்கள் வாளியைக் கண்டதும் டிக்கட்டே கேட்கவில்லை. “கிச்சன் ஆக்களா? வெள்ளன வரச் சொன்னதே!” என்று ஏசிக்கொண்டு எங்கள் இரண்டு பேரின் மணிக்கட்டிலும் பச்சைப் பட்டி ஒன்றைக் கட்டிப் பின்பக்கம் அனுப்பிவிட்டது.

“காக்கா, கந்தூரியில கையில நூலும் கட்டுவாங்களா?” என்றார் தங்கராசா.

“பொத்துவில்ல அப்படித்தான்” என்றேன். ஒரு பொய் சொல்லத் தொடங்கினால் மற்றவை தாமாகவே வருகின்றன மச்சான்.

பின்பக்கத்தில் குசினிக்கும் மேடைக்கும் நடுவில் மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. அதில் ஏறி உட்கார்ந்தோம். முன்னால் நானூறு சனம் இருக்கும், பாதி வெள்ளைக்காரர், உடுப்பும் பாதிதான். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். தங்கராசா தாழ்த்தவில்லை. “இவ்வளவு வெள்ளைக்காரரும் கந்தூரிக்கா வந்திருக்காங்க?” என்று ஆச்சரியப்பட்டார். நெடுங்கயிறு மேடையேறியது. பதினொரு வருஷம் காதால் மட்டும் தெரிந்த மனிசர்களைக் கண்ணால் கண்டேன், அதுவும் முதுகுப் பக்கத்தால். ட்ரம்ஸ் அடிக்கிற கிசோக், காரைதீவுப் பொடியன், என் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தான். அவன் சேட்டின் முதுகு வியர்வையில் நனைந்தது வரை கண்டேன். முதல் பாட்டு இருபது நிமிசம் போனது. எனக்கு இருபது நொடி போல இருந்தது. தங்கராசாவுக்கு அப்படி இல்லை.

“காக்கா, ஓதி முடியல்லையா இன்னும்? எப்ப பந்தி போடுவாங்க?”

இனி மறைத்துப் பலனில்லை என்று எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

“அப்ப சோறு?”

“இல்ல.”

“ஒரு புடி?”

“ஒரு புடியும் இல்ல தங்கராசா.”

அந்த மனிசன் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. மாட்டையும் விட்டு, சோற்றையும் விட்டு நின்றார். ஆனால் எழுந்து போகவில்லை. அந்த நேரம் பார்த்து ‘எட்டாம் கட்டை’ தொடங்கியது. இருபத்துநாலாவது தரம், ஆனால் எனக்கு முதல் தரம். இயர்போனில் கேட்பது வேறு, நெஞ்சு எலும்பில் கேட்பது வேறு. கிட்டார் ஒரு பக்கம் போகிறது, கீபோர்ட் அதைத் தேடிப் போகிறது, கடலும் தன் பாட்டுக்கு இரைகிறது. பதினைந்தாம் நிமிசம் போல் படார் என்று ஒரு சத்தம், கிசோக்கின் பெரிய ட்ரம்மின் தோல் கிழிந்துவிட்டது. பாட்டு நிற்கவில்லை. ஒரு கையால் அடித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தான். என் மடியில் சல்மாவின் வாளி.

“ஐயா, அந்த வாளியை ஒருக்காத் தாங்க, கெதியா!”

கொடுத்துவிட்டேன். கவிழ்த்துப் போட்டு அடித்தான் பாருங்கள்! நம் வீட்டில் முப்பது வருஷமாக அரிசி களைகிற வாளிக்குள் இப்படி ஒரு சத்தம் இருந்திருக்கிறது. சனம் எழும்பி ஆரவாரம் செய்தது. நாலு பேரும் வாளிச் சத்தத்துக்குப் பின்னால் போனார்கள், இன்னும் போனார்கள், இருபத்துமூன்று பதிவிலும் போகாத இடத்துக்குப் போனார்கள். இனித் திரும்பி வருவார்களா என்று எனக்கே பயம் வந்துவிட்டது. அப்போதுதான், இந்த இடம், இந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். என்னை அறியாமல் பெட்டிமேல் எழும்பி நின்று, மதகுக்குச் சைகை காட்டுவதுபோல் வலக்கையை உயரத் தூக்கினேன். கிசோக் திரும்பி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். தலையை ஆட்டினான், ஒரே அடி, நாலு பேரும் ஒன்றாகத் தொடங்கிய மெட்டில் வந்து இறங்கினார்கள். மச்சான், நான் அழுதேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், வாப்பா மௌத்தான நாளுக்குப் பிறகு அப்படி அழவில்லை. ஆனால் இது சந்தோசத்தில்.

பக்கத்தில் நின்ற தங்கராசா என் தோளைப் பிடித்து, “காக்கா, தண்ணி போய்ச் சேந்துட்டு” என்றார்.

முடிந்த பிறகு கிசோக் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. வாளிக்குப் பதிலாக என்ன வேண்டும் என்று கேட்டான். நான் வாயைத் திறக்குமுன் தங்கராசா “சோறு” என்றார். குசினியில் சொல்லி வாளி நிறைய ஏதோ போட்டு மூடித் தந்தார்கள். சமையல்காரர் நம் ஆள், ஹலால்தானா என்று கேட்டுத்தான் வாங்கினேன். தங்கராசாவுக்குத் தனிப்பொதி. மஃரிபை அங்கேயே தொழுது பஸ் ஏறினேன். வீட்டில் வந்து சல்மா மூடியைத் திறந்தபோதுதான் நானும் பார்த்தேன். சோறு இல்லை மச்சான், மக்ரோனி. மேலே இரண்டு விரல் கனத்துக்கு சீஸ்.

“இது என்ன நார்சா?” என்றாள் சல்மா.

“இப்ப பொத்துவில்ல கந்தூரியெல்லாம் மாறிட்டு” என்றேன்.

“வாளிக்கு என்ன நடந்த?” வாளியில் கையளவு இடம்கூட நெளியாமல் இல்லை.

“சரியான சனம். நெருக்கம்.”

அவள் கோப்பைகளை எடுத்து வைத்தாள். பிஸ்மில்லாஹ் சொல்லிப் பங்கு போட்டாள். அஸ்பியா இரண்டு கோப்பை சாப்பிட்டாள். ஆயிஷா உம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, அங்கே அடுத்த கந்தூரி எப்போது என்று விசாரித்தா. நானும் பொய்யை நிலைநிறுத்துவதற்காக மூன்று கோப்பை சாப்பிட்டேன்.

தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை லுஹருக்கு நிற்கும்போது பேஷ் இமாம் என்னைப் பார்த்து வலக்கையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். யாரோ வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள். தொப்பியோடும் தாடியோடும் பெட்டிமேல் ஏறி நிற்கிறேன். முன்னால் நம் வாளி. ஆகவே மச்சான், நீங்கள் சல்மாவுக்குப் போன் எடுத்து, அறுகம்பையில் நீங்கள் ஒரு காணி வாங்க யோசிப்பதாகவும், அதை ஒருவருக்கும் தெரியாமல் பார்த்துவர என்னை அனுப்பியதாகவும், நான் கையைத் தூக்கியது காணியின் எல்லையைக் காட்டத்தான் என்றும் சொல்லவேண்டும். மிஹ்லார் அந்த வீடியோவை உம்மாவுக்கு அனுப்பாமல் அவன் போனையும் கொஞ்சம் பிடித்து வையுங்கள். முப்பத்தாறு வருஷம் அவள் என்னை நம்பினாள். அது போய்விடுமோ என்றுதான் நெஞ்சு அடிக்கிறது, ஊர் சிரிப்பதற்கு அல்ல.

உங்கள் தொழிலில் பரக்கத்தும், உடம்பில் ஆபியத்தும், மனதில் இந்த மச்சான்மேல் இரக்கமும் உண்டாக அல்லாஹ் அருள்புரிவானாக. மச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம்.

இப்படிக்கு,
உங்கள் துஆவை எதிர்பார்க்கும்
மச்சான்.

பி.கு.: உறைக்குப் பசை தேடும்போது சல்மா வந்து நின்றாள். “காக்காவுக்கா கடிதம்? என்னத்துக்கு? அவருக்கு அந்த வீடியோவ ஞாயித்துக்கிழமையே நான்தானே அனுப்பின” என்றாள். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே மச்சான்! இந்த மாசத்தில் கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் எங்கேயும் கந்தூரி இல்லை என்பது அவளுக்கு அன்றே தெரியுமாம். அப்படியென்றால் எதற்காக வாளியைத் தந்தாய் என்று கேட்டேன். “வெறுங்கையோட போனா ஒழுங்கையில ஆர் நம்புற? பள்ளி நம்பிக்கையாளர்ர மானம் என்னாகிற?” என்றாள். பாட்டு விசயம் எப்படித் தெரியும் என்றேன். காதில் இயர்போனைச் செருகினால் எனக்கு என் சத்தம் கேட்பதில்லையாம். பதினொரு வருஷமாக நான் முழுப்பாட்டையும் உரத்துப் பாடிக்கொண்டுதான் கேட்கிறேனாம். நான் தொடங்கும்போது ஆயிஷா உம்மா உலை வைத்து, நான் முடிக்கும்போது சோற்றை இறக்குவாவாம். ஆகையால் மேலே எழுதிய காணி ஒன்றும் வேண்டாம், ஒருவரும் ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். அடுத்த மாதம் அவர்கள் மட்டக்களப்பில் வாசிக்கிறார்களாம், அதையும் அவளே பார்த்து வைத்திருக்கிறாள். “ரெண்டு டிக்கட் எடுங்க” என்றாள். நீயுமா என்று வாயைப் பிளந்தேன். “பதினொரு வருஷமா உங்கட வாயால கேக்கன். ஒருக்காவாவது அதப் பாட்டாக் கேக்க வேணாமா?”