சனிக்கிழமைப் பாட்டுக்கு அனுமதி

இனி சனிக்கிழமைதோறும் தன் பாரில் தானே பாடுவது என்று முதலாளி முடிவெடுத்தபோது அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரை. மீதி முகத்தில் கலைக்களை.

வேறு வழியும் இல்லை. அடுத்த தெருவில் புதிதாகத் திறந்த பாரில் கிடார் வாசிக்கிறார்களாம். அன்றிலிருந்து இவர் பாரில் நாற்காலிகள்தான் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

பாரின் சமையலறையை ஆள்பவள் அவர் மனைவி. அவளிடம் மெல்லப் பேச்சை எடுத்தார்.

"நானே பாடலாம்னு இருக்கேன்."

"கடைக்காகப் பாடுபடறீங்களே, அது போதாதா? பாட வேற செய்யணுமா?"

"என் குரலுக்கு என்ன குறைச்சல்?"

"கொஞ்சம் குறைச்சலா இருந்தாத்தான் தேவலையே! குடிக்கறவங்களுக்கு ஏறின சுதி, நீங்க வாயைத் திறந்தா இறங்கிடும்ங்க."

அவர் விடவில்லை. நகராட்சி அலுவலகத்தில் போய் விசாரித்தார். மது ஊற்றிக் கொடுக்க உரிமம் இருந்தால் மட்டும் போதாதாம். அங்கே பாடவோ ஆடவோ வாசிக்கவோ தனியாகக் கேளிக்கை அனுமதி வேண்டுமாம். அக்கம்பக்கத்தில் யாரும் ஆட்சேபிக்கவும் கூடாதாம்.

பாருக்கு நேர் மேலே, மாடியில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா குடியிருந்தார். அவர் மனதை இளக்க, முதலாளி வாசற்படியில் நின்றே ஒரு சரணம் பாடிக் காட்டினார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாளும் விழுந்தது.

தலையைத் தொங்கப்போட்டு இறங்கி வந்தவரைப் பார்க்க மனைவிக்கே பாவமாக இருந்ததுபோல.

"விடுங்க. அக்காகிட்ட நான் பேசறேன். ஆபீசுக்கும் நானே போறேன். நீங்க தொண்டையைப் பார்த்துக்குங்க."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் இவளைத் தப்பாக எடைபோட்டுவிட்டோமே! அன்று முதல் உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். குளிர்ந்ததைத் தொடவில்லை. வாடிக்கையாளர்களிடம் ஜாடையில் பேசினார். பீர் கேட்டவருக்கு சோடா போனது.

ஒருநாள் மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள். "அனுமதி கிடைச்சாச்சுங்க!"

சனிக்கிழமை பார் நிரம்பி வழிந்தது. புதுச் சட்டையில் முதலாளி மேடையேறி, மைக்கைப் பிடித்து, தொண்டையைக் கனைத்தார். அனுமதிப்படி நடக்கிறதா என்று பார்க்க வந்து முன்வரிசையில் இருந்த நகராட்சி அதிகாரியம்மா எழுந்துவிட்டார்.

"என்ன பண்றீங்க?"

"பாடப் போறேன் மேடம்."

"பாடக் கூடாதே! இங்க வாத்தியத்துக்கு மட்டும்தான் அனுமதி. உங்க வீட்டம்மா அப்படித்தான் கேட்டாங்க."

முதலாளி திரும்பிப் பார்த்தார். நர்ஸ் அக்கா மார்பில் அக்கார்டியனை மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்துகொண்டிருந்தார்.

"பாட்டு இல்லைன்னா ஆட்சேபணை இல்ல, நானே வந்து வாசிக்கறேன்னுட்டாங்க," என்றாள் மனைவி, மைக்கை அவர் கையிலிருந்து பதமாக விடுவித்தபடி.

அக்கா விரல் வைத்ததும் பாரே தாளம் போட்டது. உட்கார இடமில்லாமல் வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். அடுத்த வாரத்துக்கு இப்போதே மேசை கேட்டார் ஒருவர். கடை பிழைத்துவிட்டது. வயிற்றெரிச்சலோடு நின்ற முதலாளியின் கால்கூட அவரைக் கேட்காமல் ஆடியது.

மனைவியின் காதோரம் குனிந்தார். "அப்போ எனக்கு இங்க ஒரு வேலையும் இல்லையா?"

"ஏன் இல்லாம? சுதி ஏறி யாரும் பாடிடாம பார்த்துக்க ஒரு பொறுப்பாளர் வேணும்னு ஆபீசுல சொன்னாங்க. உங்க பேரைத்தான் கொடுத்திருக்கேன்."