தேவிப்ரியா சைவமான கதை

"இன்னிக்காவது ஒரு வாய் சாப்புடுங்க மேடம்."

செவ்வந்தி டிபன் பாக்ஸைத் திறந்தாள். மணலூர்பேட்டையில் இருந்த அந்தச் சின்ன கவுன்சிலிங் அறை முழுக்கக் கருவாட்டுக் குழம்பு மணத்தது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பட்டினியாக வந்திருந்த கவுன்சிலர் தேவிப்ரியாவின் வயிறு மானங்கெட்டுச் சத்தம் போட்டது.

ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே! கவுன்சிலிங்குக்கு வருகிறவர்களிடம் ஒரு டம்ளர் மோர்கூட வாங்கக் கூடாது. யாரோ அன்பாகக் கொடுத்த பப்பாளிப் பழத்துக்காக மேலதிகாரியிடம் வாங்கிய வசவு அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

செவ்வந்தியின் புருஷன் முனியன், கரும்பு வெட்டப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து அவள் சரியாகச் சோறு தின்பதில்லை, யாரோடும் பேசுவதில்லை. இப்படியே விட்டால் அவளும் போய்விடுவாள் என்று உறவுக்காரர்கள்தான் கூட்டிவந்து விட்டார்கள். தேவிப்ரியாவும் முதல் நாள் படித்த வித்தையெல்லாம் காட்டினாள். கண்ணை மூடச் சொன்னாள், படம் வரையச் சொன்னாள், எதிரே உட்கார்ந்திருக்கும் தன்னையே முனியனாக நினைத்து மனசில் இருப்பதைக் கொட்டச் சொன்னாள். ம்ஹும், வாயே திறக்கவில்லை. அடுத்த முறை வரும்போதே கையில் டிபன் பாக்ஸ்.

"நான் சைவம்மா," என்று தேவிப்ரியா இன்று ஒரு புளுகு புளுகினாள்.

செவ்வந்தி திடுக்கிட்டுப் பார்த்தாள். "எப்பலேர்ந்து?"

அடுத்த வாரம் கத்திரிக்காய்க் காரக்குழம்பு வந்தது, அதுவும் பெரிய தூக்குவாளியில்.

"வயிறு சரியில்லம்மா."

செவ்வந்தியின் முகம் கறுத்தது. "மறுபடியும் குடிச்சீங்களா?"

தேவிப்ரியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கவுன்சிலரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது! இடம் கொடுத்தது தன் தப்புதான் என்று முடிவு கட்டினாள். கறாராக இருந்தால்தான் இவள் தேறுவாள்.

அதற்கடுத்த வாரம் மறுபடியும் கருவாட்டுக் குழம்பு. செவ்வந்தி பாதியாக இளைத்திருந்தாள். பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் தேவிப்ரியா மனசைக் கல்லாக்கிக்கொண்டு பாக்ஸை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள்.

"இனிமே சோறு எடுத்துக்கினு வந்தா உள்ளயே வரக் கூடாது."

செவ்வந்தி அழவில்லை. "இன்னும் கோவம் தீரல," என்று மட்டும் சொல்லிவிட்டு, சோற்றை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் கமலா உள்ளே எட்டிப் பார்த்தாள். "இன்னா மேடம், இனிமே வர மாட்டேன்னு சொல்லிட்டுப் போவுது?"

"எனக்கு இன்னும் கோவம் தீரலயாம் கமலாக்கா! எனக்கு எதுக்கு அவ மேல கோவம்?"

கமலா பெருமூச்சு விட்டாள்.

"கூட்டியாந்த சொந்தக்காரங்க சொன்னாங்க மேடம், குடிச்சதுக்கு இது திட்டிச்சின்னு, சாவறன்னிக்கு முனியன் கருவாட்டுக் கொழம்பு ஊத்தின தட்டைத் தள்ளிட்டுப் போனாராம். உங்களையே அவரா நெனச்சிக்கோன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க, வாரா வாரம் நீங்களும் தள்ளிக்கினே இருந்தா அது இன்னா பண்ணும்?"