சம்பளம் கூட்டியாச்சு

கார்ட் மெஷினை நீட்டிவிட்டு அருள்மலர் நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது, பரிமாறியவளுக்கு விரும்பிக் கொடுக்கும் ரிப்ஸ் காசு இருக்கவேண்டிய இடத்தில் பூச்சியம்.

ஆட்டுக் கொத்தும் நண்டுக் கறியுமாக ஒரு வெட்டு வெட்டிய அந்தக் குடும்பம், சுவரில் இருந்த அறிவித்தலைக் காட்டிச் சிரித்தது.

"இனி உங்களுக்கென்ன அன்ரி, முழுச் சம்பளம்!"

அதை மாட்டியவர் சாப்பாட்டுக்கடை முதலாளி பத்மநாதன். குறைந்தபட்சச் சம்பளம் ஏறுகிறது, இதுவரை குறைத்துக் கொடுக்கப்பட்ட, ரிப்ஸ் வாங்குகிறவர்களுக்கும் இனி அதேதான் என்று செய்தி வந்த மறுநாளே, 'ஊழியர்களுக்குப் புதிய சம்பளம் கொடுப்பதால் விலை கூடியுள்ளது' என்று எழுதி, சந்தனப் பொட்டும் வைத்துத் தொங்கவிட்டார். கடை இருந்த டோர்செட் பார்க் முழுக்க அவருக்குப் பாராட்டு. கையோடு அருள்மலரின் வேலை நேரத்தையும் சத்தமில்லாமல் குறைத்தார்.

பாங்கில் விழுகிற காசு முன்பைவிட மெலிந்துதான் வந்தது. நேரம் குறைந்தால் காசும் குறையத்தானே செய்யும் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரே ஊர்க்காரர். அவள் வந்திறங்கிய அன்று விமானநிலையத்துக்குக் கார் கொண்டு வந்தவர். அவரிடம் போய்க் கணக்குக் கேட்பதா?

ஆனால் ரிப்ஸும் நின்றதும் வாடகைக்கு வழியில்லை. மிசிசாகாவிலிருந்து வழக்கமாகச் சாப்பிட வரும் வினோதனிடம், சுவர் அறிவித்தலைக் காட்டி, வாய் தானாகப் பொய் சொன்னது.

"உதை நம்பாதேங்கோ தம்பி. அவர் எனக்குப் பழைய சம்பளம்தான் தாறவர்."

வினோதன் துடித்துப்போய் இருபது டொலரைக் கையில் திணித்தான். பொய்க்கு இப்படியொரு கூலியா! அவள் அடுத்த மேசைக்கும் சொன்னாள்.

இருபது டொலரோடு நிற்கிற ஆளா வினோதன்? வாட்ஸ்அப்பில் போட்டான். அடுத்த கிழமை கடையில் ஈ ஓட்டினார்கள்.

"ஆரோ என்ரை பேரைக் கெடுக்கிறாங்கள் பிள்ளை," பத்மநாதன் தலையில் கை வைத்தார். "இப்பிடியே போனால் கடையைப் பூட்டவேண்டியதுதான்."

அருள்மலருக்கு இருந்த ஒரு வேலையும் போகப்போகிறது. அதைவிட, ஒரு நல்ல மனுசனைக் கள்ளனாக்கிவிட்டோமே என்ற வேதனை. வினோதனுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, அவர் கூட்டினவர். நான்தான் பொய் சொன்னனான்."

"பயப்பிடாதேங்கோ அன்ரி. அவர் பக்கத்திலை நிண்டு வெருட்டுறாரோ?"

அதையும் போட்டான். பத்மநாதன் இப்போது கள்ளன் மட்டுமல்ல, சண்டியனும் ஆனார்.

வேறு வழி தெரியவில்லை. வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் கோயிலில், பூசை முடிந்து சனம் பிரசாதத்துக்கு நிற்கும்போது, அருள்மலர் கற்பூரச் சுடருக்கு மேல் கையை நீட்டினாள்.

"பிள்ளையாரறியச் சொல்லுறன். பத்மநாதன் அண்ணை எனக்குப் புதுச் சம்பளம்தான் தாறவர். பொய்யெண்டால் என்ரை ரெண்டு கண்ணும் அவியட்டும்!"

சனம் அங்கேயே போனை எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டது. ஞாயிற்றுக்கிழமை கடையில் இருக்க இடமில்லை. உண்மையைச் சொன்னால் மனம் எவ்வளவு லேசாகிறது என்று அருள்மலர் ஓடியோடிப் பரிமாறினாள். அன்றைக்கும் யாரும் ரிப்ஸ் வைக்கவில்லை.

மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் முதலாளியின் மனைவி சுகிர்தா சமையலறைக்குள் வந்தாள். எல்லாருக்கும் சம்பளம் போடுகிறவள் அவள்தான். ஒரு சேலையை அருள்மலரின் கையில் வைத்துக் கண்கலங்கினாள்.

"சம்பளத்தைக் கூட்டாத எங்களுக்காகக் கற்பூரத்திலை பொய்ச்சத்தியம் பண்ணினீரே தங்கச்சி, கூடப்பிறந்ததுகூட இப்பிடிச் செய்யாது!"