தளபதி ஃபேன்ஷா பகலுணவு அருந்திய வீர வரலாறு

உலகம் உண்டான நாளிலிருந்து எத்தனையோ தளபதிகள் எதிரியைத் தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். போரையே தடுத்து நிறுத்திய மாவீரர் மேஜர் ஜெனரல் சர் மார்மட்யூக் ஃபேன்ஷா ஒருவர்தான். நிறுத்திய இடம், அவருடைய சாப்பாட்டு மேஜைக்குப் பத்தடி முன்னால்.

அவர் ஒரு பிரபுவின் மூன்றாவது மகன். மூத்தவருக்கு நிலபுலன் போயிற்று, அடுத்தவருக்குத் தேவாலயப் பதவி போயிற்று, இவருக்கு மிஞ்சியது ராணுவம். ஆப்பிரிக்காவில் ஒரு பட்டாளத்தைத் தொலைத்துவிட்டு, அதைத் தேடும்போது காட்டிய "நிதானத்துக்காக"ப் பதக்கம் வாங்கினார். அவருடைய அத்தை யுத்த மந்திரியிடம் சீட்டாட்டத்தில் பெருந்தன்மையோடு தோற்ற வாரத்தில் ஜெனரல் ஆனார். எல்லாமே தகுதி அடிப்படையில்தான்.

1916 ஜூலையில், போர்முனைக்குப் பன்னிரண்டு மைல் பின்னால், பிரெஞ்சுக்காரர் ஒருவரின் மாளிகையில் அவருடைய தலைமையகம் இருந்தது. அங்கே ஒரு விதி: சாப்பிடும்போது தொழிலைப் பற்றிப் பேசக் கூடாது. நாயைப் பற்றிப் பேசலாம், குதிரையைப் பற்றிப் பேசலாம், பக்கத்து எஸ்டேட்காரரின் மனைவியைப் பற்றிக்கூடப் பேசலாம். போர் என்று வாயெடுத்தால், விருந்து மறுபடி சூப்பிலிருந்து தொடங்கும்.

மீன் பரிமாறிக்கொண்டிருந்த வேளையில் லெப்டினன்ட் எர்னஸ்ட் டக்கெட் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். உடம்பெல்லாம் சேறு. அவனுடைய கம்பெனி ஆட்கள் எண்பத்தாறு பேர், திட்டத்தில் போட்டிருந்ததைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகவே எதிரியின் காற்றாலையைப் பிடித்துத் தொலைத்திருந்தார்கள். திட்டமோ மாறவில்லை. பிரிட்டிஷ் பீரங்கிகள் அதே காற்றாலையை, அவர்களையும் சேர்த்து, நொறுக்கிக்கொண்டிருந்தன. தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டது. ஜெனரலின் உத்தரவில்லாமல் நிறுத்த மாட்டோம் என்று பீரங்கிக்காரர்களும் கைவிரித்துவிட்டார்கள்.

"சார், நம்ம பீரங்கி..."

மேஜையில் எல்லாக் கைகளும் அப்படியே நின்றன.

"சூப்!" என்றார் ஜெனரல்.

மீன் தட்டுகள் சமையலறைக்குத் திரும்பிப் போயின.

"உக்காருப்பா. நீ யார் வீட்டுப் பையன்?"

"லீட்ஸ்ல எங்கப்பா துணிக்கடை வச்சிருக்கார், சார்."

"பரவாயில்ல, யாராவது துணி விக்கத்தானே வேணும். நாய் வளர்க்கிறியா?"

"அங்க எங்க ஆளுங்க செத்துக்கிட்டு இருக்காங்க சார்!"

"சூப்!"

பக்கத்தில் இருந்த கர்னல் பிம் பல்லைக் கடித்தார். "அட மடப்பயலே, எனக்கு இது மூணாவது சூப்பு. வயித்துல இடமில்ல. வாயைப் பொத்திக்கிட்டுச் சாப்பிடு. கடைசியில ராஜா பேரைச் சொல்லிக் குடிப்போம். அதுக்கப்புறம் நீ என்ன வேணும்னாலும் பேசு."

டக்கெட் விஷயத்தைக் காகிதத்தில் எழுதி நீட்டினான். ஜெனரல் அதைப் படிக்காமலேயே நான்காக மடித்து, குனிந்து, மேஜைக்காலுக்கு அடியில் செருகினார்.

"ரொம்ப உபகாரம்ப்பா. ஒரு வாரமா ஆடிக்கிட்டே இருந்துச்சு."

வேறு வழியில்லை. டக்கெட் சாப்பிட ஆரம்பித்தான். சூப்பை வாயில் கவிழ்த்துக்கொண்டான். மீனை முள்ளோடு விழுங்கினான். அழுகை வந்தது, அதையும் விழுங்கினான். தூரத்தில் ஒவ்வொரு குண்டு விழும்போதும் மேஜையிலிருந்த கண்ணாடிக் கோப்பைகள் கிணுகிணுத்தன. அவனுக்கோ காற்றாலையில் விட்டுவந்த சார்ஜன்ட் லம்லியின் முகமும் மற்றவர்கள் முகமும் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்து நின்றன.

"துணிக்கடைப் பையனா இருந்தாலும் நல்லாச் சாப்பிடுறான்," என்று ஜெனரல் மெச்சினார். பிறகு கண்களை மூடித் தலையாட்டினார். "அடடா, என்ன கம்பீரமான சத்தம்!"

"சார்! நீங்களே பீரங்கியைப் பத்திப் பேசிட்டீங்க!" என்று டக்கெட் துள்ளி எழுந்தான்.

"நான் சங்கீதத்தைப் பத்திப் பேசினேன்யா. பீரங்கின்னு சொன்னது நீ. சூப்!"

கர்னல் பிம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மூன்றே முக்காலுக்கு ஒருவழியாக ஆட்டிறைச்சி முடிந்து, புட்டிங் முடிந்து, மது சுற்றி வந்தது. எல்லோரும் எழுந்து நின்று ராஜாவின் ஆரோக்கியத்துக்காகக் குடித்தார்கள்.

"இப்ப சொல்லுப்பா, என்ன சேதி?"

பீரங்கிகள் ஓய்ந்திருந்தன. திட்டப்படி, ஒரு நிமிடம்கூடப் பிசகாமல்.

"நம்ம பீரங்கி நம்ம ஆளுங்களையே அடிச்சுது சார். எண்பத்தாறு பேர். இனிமே சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

ஜெனரலின் முகம் வாடிப்போயிற்று. பாவம், அவருக்கும் மனசு என்று ஒன்று இருந்தது.

"அடப்பாவி! வந்ததும் வராததுமா இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? சாப்பாட்டைக் கண்டா உங்களுக்கெல்லாம் உலகமே மறந்துபோயிடுதுய்யா!"

முறைப்படி விசாரணை நடந்தது. தகவலைத் தாமதமாகத் தெரிவித்த குற்றத்துக்காக டக்கெட்டின் பதவி பறிக்கப்பட்டது. சர் மார்மட்யூக் லெப்டினன்ட் ஜெனரலாக உயர்ந்து, எண்பத்தோரு வயதுவரை மூன்று வேளையும் வயிறார உண்டு, சொந்தக் கட்டிலில் காலமானார். அவருடைய சிலைக்குக் கீழே, நாற்பதாண்டு சேவையில் ஒருநாள்கூட உணவு வேளையில் போர்ப் பேச்சை அனுமதிக்காத உத்தமர் என்று பொறித்திருக்கிறார்கள்.

உண்மைதான். அந்தக் கட்டுப்பாட்டை அவர் எண்பத்தாறு பேருக்கு நிரந்தரமாகக் கற்றுக்கொடுத்துவிட்டார். இன்றைக்கு அவர்களில் யாரை வேண்டுமானாலும் தோண்டி எடுத்து அந்த மேஜையில் உட்காரவைக்கலாம்; போரைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார்கள்.